புள்ளி விழாத தெரு

என் அக்கா புதிதாக யாரையாவது சந்தித்தால் பெயர் கேட்க மாட்டாள், வேலை கேட்க மாட்டாள், சௌக்கியமா என்றுகூடக் கேட்க மாட்டாள். "ராத்திரி வண்டிய எங்க நிறுத்துறீங்க?" என்பாள். வண்டி இல்லாதவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். வண்டி இருப்பவர்கள் பாவம், தெருவின் பெயரை அப்படியே சொல்லிவிடுவார்கள். அக்கா கண்ணை லேசாகச் சுருக்கி, "ஓ, அந்தத் தெருவா" என்பாள். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். பதில் சொன்னவருக்கு அன்றைக்குத் தூக்கம் போச்சு.

அவள் பார்க்கும் வேலை அப்படி. கார் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில், எந்தத் தெருவில் இருப்பவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்று வகை பிரிக்கும் பிரிவில் அவள் மூத்த ஆள். அவள் மேஜைக் கணினியில் ஊரின் வரைபடம் இருக்கும். எங்கேயாவது ஒரு வண்டி இன்னொரு வண்டியை இடித்தால், ஒருவன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனால், நிறுத்தின இடத்தில் வண்டியே காணாமல் போனால், அந்த இடத்தில் ஒரு புள்ளி விழும். புள்ளிகள் மொய்த்துக் கிடக்கும் இடம் சிவப்பு, கொஞ்சம் குறைந்தால் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், அப்புறம் பச்சை. சிவப்பில் குடியிருப்பவர் பச்சையில் குடியிருப்பவரைவிட அதிகமாகக் கட்ட வேண்டும். வண்டி ஒன்றுதான், ஓட்டுகிறவரும் ஒருவர்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் தூங்கினால் ஒரு கட்டணம், அந்தப் பக்கம் தூங்கினால் வேறு கட்டணம்.

இதில் எனக்கும் அவளுக்கும் வருஷா வருஷம் சண்டை. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். என்னிடம் ஒரு சின்னக் கார் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் என் வீடு ஆரஞ்சுத் தெருவில் இருக்கிறது.

"பக்கத்துத் தெருப் பசங்க கண்ணாடிய ஒடச்சா நான் ஏன்க்கா கட்டணும்? நான் ஒழுங்காத்தானே ஓட்டறேன்?"

"நீ ஒழுங்காத்தான் ஓட்டற. ஓட்டாத நேரத்துல அது எங்க நிக்குது? ஒரு நாள்ல நீ ஓட்டறது கொஞ்ச நேரம். மிச்ச நேரமெல்லாம் அது தெருவோட தயவுலதானே நிக்குது?"

பதில் இல்லாத வாதம் எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு வருஷமும் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவேன்.

அலுவலகத்தில் அவளுக்கு மேப் மேடம் என்று பெயர். கல்யாணமே மேப் பார்த்துத்தான் செய்துகொண்டாள் என்று பேசிக்கொள்வார்கள். அது முழுப் பொய் இல்லை. பல் வலிக்காக ஒரு மருத்துவரிடம் போய்க் காத்துக்கொண்டிருந்தபோது, ஒல்லியாக ஒருவர் கையில் அட்டைப்பெட்டியுடன் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பெட்டியில் என்ன என்று அக்கா கேட்க, அவர் திறந்து காட்டியிருக்கிறார். உள்ளே வரிசையாகப் பல் செட்டுகள். அவர் தொழில் அது. மருத்துவர்கள் அளவெடுத்துக் கொடுப்பார்கள், அவர் வீட்டில் உட்கார்ந்து பல் செய்து, காரில் கொண்டுபோய்க் கொடுப்பார். கார் என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்காவுக்குப் பல் வலி பறந்துவிட்டது. உடனே அவளுடைய கேள்வியைக் கேட்டாள். அவர், "காம்பவுண்டுக்குள்ள நிறுத்திக் கேட்ட பூட்டுவேங்க. அப்புறம் ஒரு தடவ திரும்பி வந்து பூட்ட இழுத்துப் பாப்பேன்" என்றார்.

"திரும்பி வந்து இழுத்துப் பாக்குற மனுஷன், போதும்டி எனக்கு" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். அவரைத்தான் நான் மாமா என்று கூப்பிடுகிறேன்.

மாமா அதிர்ந்து பேசாதவர். கால் எடுத்து வைத்தால் சத்தம் வராது. கதவைச் சாத்தினால் சாத்தினது தெரியாது. அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மாடியில் வீட்டுக்காரர் இருந்தார். கீழே ஒரு கரண்டி விழுந்தால் மேலிருந்து தரையைத் தட்டுவார். பல்லைத் தேய்க்கும் மெஷினை மாமா துணி சுற்றித்தான் ஓட்டுவார். அப்படியே பழகிவிட்டது. இருந்தாலும் அந்த வீடு பச்சைத் தெரு. அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் வீட்டுக்காரர் தன் மகன் குடிவரப்போகிறான் என்று வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். "வாடகையும் வேணாம் ஒண்ணும் வேணாம், சொந்தமாவே பாத்துரலாம்" என்றாள் அக்கா. இருவர் சேமிப்பையும் சேர்த்தால் சின்னதாக ஒரு வீடு வாங்கலாம். அது கிடைக்கும்வரை என் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு.

"ரெண்டே வாரம்" என்றாள்.

ரெண்டு வாரம் பல மாதம் ஆயிற்று. என் வீட்டில் இருப்பது ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. படுக்கையறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் கூடத்துச் சோபாவில் மடங்கிப் படுத்தேன். மாமாவின் பற்கள் என் சாப்பாட்டு மேஜையில் ஏறின. காலையில் கண் விழித்தால் ஜன்னல் ஓரத்தில் யாருடைய மேல் தாடையோ காய்ந்துகொண்டிருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே ஒரு கீழ் தாடை. நான் ஒரு வாய் வைத்தால் அது என்னைப் பார்த்துச் சிரிக்கும். என்னிடம் பாட்டுக் கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண்குழந்தை அதைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு ஓடினது, திரும்பி வரவே இல்லை.

எனக்கு எரிச்சல்தான், மறைக்கவில்லை. ஆனால் மாமாவைப் பார்த்தால் எரிச்சல் நீடிக்காது. நான் பள்ளியிலிருந்து வரும் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாக மேஜையை ஒழிப்பார். என் வீட்டுக் குழாயை அவர் திறந்தால் தண்ணீர்கூடப் பயந்துதான் விழும். ஒரு நாள் சமையலறையில் தட்டைக் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னார்:

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம்மா. ஒரு ஜன்னல், அதுக்குக் கீழ ஒரு மேஜ. ராத்திரி எடுத்து வைக்காம, விட்டது விட்டபடி விட்டுட்டுப் போய்ப் படுக்கணும். அவ்வளவுதான்."

அவர் எதையும் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கே அக்காவிடம், இந்த வாரம் ஏதாவது ஒரு வீட்டுக்குச் சரி சொல்லாவிட்டால் நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்துவிடுவேன் என்று கத்தினேன்.

சரி சொல்லக்கூடாது என்று அவளுக்கு வேண்டுதலா என்ன? தெருதான் அவளுக்குச் சரிப்படவில்லை. தரகர் எங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். வீட்டைக் காட்ட அவர் கதவைத் திறந்தால் அக்கா வாசலிலேயே நின்றுவிடுவாள். தெருமுனைச் சுவரைக் குனிந்து பார்ப்பாள். முழங்கால் உயரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பெயிண்ட் கோடுகள் இருக்கும். "மூணு வண்டி ஒரசியிருக்கு. வேணாம்." இன்னொரு தெருவில் சாக்கடை ஓரம் கண்ணாடித் துகள் மின்னும். "கதவுக் கண்ணாடி. ஒடச்சு அதிக நாள் ஆகல. வேணாம்." வேறொரு தெரு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அமைதியான தெரு, நல்ல வெளிச்சம். அக்கா வரிசையாக நின்ற கார்களைக் காட்டினாள். எல்லாவற்றிலும் பக்கக் கண்ணாடிகள் மடக்கியிருந்தன.

"எல்லா வண்டியும் காத மடக்கிட்டு நிக்குது பாரு. பயந்துபோன தெருடி இது."

தரகர் நல்ல மனிதர். அக்காவுக்கு வீடு காட்ட ஆரம்பித்தபிறகு பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே தள்ளிவிட்டார். ஒரு நாள் பொறுமை போய், "மேடம், நீங்க வீடு பாக்க வந்தீங்களா, வண்டிக்கு வீடு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"வண்டி நல்லா இருக்கிற தெருவுல மனுஷங்களும் நல்லா இருப்பாங்க" என்றாள் அக்கா. அவள் அதை நம்பினாள். இத்தனை வருஷம் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து, ஊரில் நடக்கும் கெட்டதெல்லாம் முதலில் கார் கண்ணாடியில்தான் தெரியும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

ஒரு மாலை அலுவலகத்திலிருந்து ஓடி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கெடச்சிருச்சு! ஒரு புள்ளி இல்லடி. ஒண்ணே ஒண்ணுகூட இல்ல. இத்தன வருஷத்துல ஒரு தெரு இப்படிச் சுத்தமா இருந்து நான் பாத்ததில்ல." சந்தைக்குப் பின்னால் போகும் சாலை அவள் வரைபடத்திலேயே படுசிவப்பு. அதிலிருந்து பிரியும் ஒரு குட்டித் தெரு மட்டும் எந்த நிறமும் விழாமல் வெள்ளைவெளேரென்று இருந்ததாம். இவ்வளவு நாள் அது கண்ணில் படவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். தரகருக்கு போன் போட்டாள். அங்கே ஒரு வீடு விலைக்கு இருப்பதாக அவர் சொன்னார். சொல்வதற்கு முன் கொஞ்சம் இருமினார் என்பது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

மறுநாளே போனோம். மாமாதான் ஓட்டினார். தெருமுனை வந்ததும் தரகர், "இங்கயே ஓரமா விட்ருங்க சார், நடந்து போனாத்தான் தெரு தெரியும்" என்றார். தெரு வாயில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு இரும்புத் தூண்கள் நட்டிருந்தன. அக்கா அவற்றில் ஒன்றைத் தட்டிக்கொடுத்தாள்.

"பாத்தியா? வேகமா வர்றவனக் கட்டுப்படுத்த வெச்சிருக்காங்க. எவ்வளவு பொறுப்பு!"

உள்ளே போனாள். முனைச்சுவரைப் பார்த்தாள், ஒரு கோடு இல்லை. தரையைப் பார்த்தாள், ஒரு துகள் இல்லை. தெரு நடுவில் நான்கு பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் நாற்காலியை நட்டநடுவில் போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஒரு கார்கூடக் கண்ணில் படவில்லை. "எல்லாரும் உள்ள நிறுத்திப் பூட்டிட்டாங்க" என்று என் காதில் கிசுகிசுத்தாள் அக்கா. அவள் முகம் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். மாமா இன்னும் தெரு வாயிலிலேயே நின்றிருந்தார். இரண்டு தூண்களுக்கும் நடுவில் நின்று, கைகள் இரண்டையும் பக்கவாட்டில் நீட்டினார். சோம்பல் முறிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு எங்களோடு வந்து சேர்ந்துகொண்டார்.

வீடு சின்னதுதான். முன்னறையில் கிழக்குப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். மாமா அதற்குக் கீழே போய் நின்றார். ஜன்னல் விளிம்பைக் கையால் தடவினார். "எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டதற்கு, "உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று திருப்பிக் கேட்டார். "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். தரகர் அவசர அவசரமாக எல்லோருக்கும் கை கொடுத்தார்.

குடிபோகும் நாள் வந்தது. சாமான் ஏற்றிய லாரி முன்னால் போக, அக்காவும் மாமாவும் அவர்கள் காரில் பின்னால் போக, நான் கடைசியில் போனேன். லாரி தெரு வாயில் வரை போய் நின்றது. ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கினார். தூணைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எம்மா, இதுக்குள்ள சைக்கிள்தாம்மா போகும்."

"தூண எடுக்கச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

நாற்காலி அம்மாள் எழுந்து வந்தார். "எடுக்க முடியாதும்மா, தரைக்குள்ள போட்டுப் பூசியிருக்கு. இங்க எப்பவுமே வண்டி வராதே. கார் வெச்சிருக்கிற யாரும் இந்தத் தெருவுல இல்லையே, தெரியாதா உங்களுக்கு?"

அக்காவின் முகத்தில் கணக்கு ஓடுவது எனக்கு அப்படியே தெரிந்தது. புள்ளி இல்லை என்று பார்த்தவள், புள்ளி விழ அங்கே வண்டி உண்டா என்று பார்க்கவில்லை. கடலில்கூடத்தான் ஒரு கார் விபத்தும் கிடையாது. ஊருக்கே தெருத் தெருவாகக் கணக்குச் சொல்கிறவள், காரே இல்லாத ஒரு தெருவைக் கார்களுக்குப் பாதுகாப்பான தெரு என்று வாங்கிவிட்டாள்! சிரிப்பு எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி நின்று கைக்குட்டையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

அவள் தரகரைத் தேடினாள், அவர் அந்தப் பக்கமே வரவில்லை. அப்புறம் மெதுவாக மாமா பக்கம் திரும்பினாள்.

"நீங்க தூணப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"ஒரு மயிரிழை எடவெளிய அளந்து பல்லு செய்யற மனுஷன் நீங்க. நம்ம வண்டி போகாதுன்னு தெரியாதா?"

"தெரியும். கைய விரிச்சு அளந்து பாத்தேன்."

சோம்பல் முறிக்கவில்லை அவர்! எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்புறம் ஏன் சொல்லல?"

மாமா தூணின் மேல் ஒரு கையை வைத்தார். "சொன்னா நீ வேணாம்னு சொல்லியிருப்ப" என்றார். "அடுத்த வீடு, அதுக்கடுத்த வீடுன்னு போய்க்கிட்டே இருப்போம். எனக்கு முடியல. வண்டி எங்க வேணா நிக்கட்டும். எனக்கு உள்ள போய் ஒரு எடத்துல உக்காரணும்."

கோபம் வந்தால் அவள் மூக்கு சிவக்கும். அன்றைக்கு மூக்கோடு கண்ணும் சிவந்தது. பிறகு லாரிக்குப் பின்னால் போய், கைக்கு அகப்பட்ட முதல் பெட்டியை இறக்கித் தூக்கிக்கொண்டு தூண்களுக்கு நடுவே நடந்தாள்.

அது மாமாவின் பல் மாதிரிகள் இருந்த பெட்டி. தெருவின் பாதியில் அடிப்பாகம் பிய்ந்துகொண்டது. வெள்ளைத் தாடைகள் தெரு முழுக்க உருண்டன. பந்து விளையாடிய பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தாடையை எடுத்து ஒருவர் காதை ஒருவர் கடிக்க வைத்தார்கள். நாற்காலி அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள் தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள். பிள்ளைகள் பொறுக்கிக்கொடுக்க, வீட்டுக்கு ஒருவராக வந்து கை கொடுக்க, இருட்டுவதற்குள் எல்லாச் சாமானும் உள்ளே போய்விட்டது. நாற்காலி அம்மாள் அலமாரியின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு வந்தார்.

கார் மட்டும் வெளியே நின்றது. அதற்கு வேறு போக்கிடம் கிடையாது. சந்தைப் பின்சாலையில்தான் நிற்க வேண்டும், அதாவது அக்காவே தன் கையால் சிவப்பு அடித்த சாலையில். நான் ஒரு யோசனை சொன்னேன். "பேசாம என் வீட்டு விலாசத்தையே வெச்சிரு. ஆரஞ்சு பரவால்லல்ல? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள். "ஒரு தெருவுல தூங்குற வண்டிக்கு வேற தெரு விலாசம் குடுத்தா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒரு பைசா வராது. இத ஊருக்கெல்லாம் சொல்ற நானே செஞ்சா நல்லாவா இருக்கும்?"

மறுநாள் அலுவலகம் போய்த் தன் வண்டியைத் தானே சிவப்புக்கு மாற்றினாள். மேப் மேடம் சிவப்புக்குப் போய்விட்டார் என்ற செய்தி சாப்பாட்டு இடைவேளைக்குள் எல்லா மாடிக்கும் எட்டிவிட்டது. யாரும் அவள் எதிரில் சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடுவதுபோலக் குனிந்து குனிந்து சிரித்திருக்கிறார்கள். "அன்னிக்கு எல்லாருக்குமே பேனா கீழ விழுந்துச்சுடி" என்றாள் என்னிடம்.

எனக்கு என் வீடு திரும்பக் கிடைத்தது. சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு மட்டும் இருந்தது. எதிரே யாரும் சிரிக்காததால் முதல் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பல்லை எல்லாம் இவ்வளவு தேடுவேன் என்று நான் நினைக்கவே இல்லை.

ஒரு விடுமுறை நாளில் அவர்களைப் பார்க்கப் போனேன். தூண்களைத் தாண்டியதுமே ஏதோ சத்தம். யாரோ தகரம் அறுக்கிறார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போகப் போக அது மெஷின் சத்தமும் ஒரு மனிதக் குரலும் சேர்ந்தது என்று தெரிந்தது. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. மாமா மேஜைமுன் உட்கார்ந்து பல்லைத் தேய்த்துக்கொண்டே, அடித்தொண்டையில், தெருவுக்கே கேட்கும்படி பாடிக்கொண்டிருந்தார். மெஷினில் துணி சுற்றியிருக்கவில்லை. மேஜை முழுக்கச் சாமான் இறைந்து கிடந்தது, எதையும் அவர் எடுத்து வைக்கவில்லை.

நான் பாட்டு டீச்சர், அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சுருதி அவர் பக்கமே வரவில்லை. தாளம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மாமா பாடுவாரா?" என்று கேட்டேன்.

"எனக்கே இங்க வந்துதான் தெரியும்" என்றாள். "கேட்டேன். அந்த வீட்டுல மாடியில வீட்டுக்காரர் இருந்தாரு, உன் வீட்டுல நீ பாட்டு டீச்சர், எங்க பாடறதுங்கறாரு." வாசற்படித் தூசியில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். "இத்தன வருஷம் பச்சத் தெருவுல இருந்தோம்டி. ஒரு வரி பாடினதில்ல இவரு. அத ஒரு மேப்லயும் நான் பாக்கலியே."

உள்ளே மாமா அடுத்த பாட்டைத் தொடங்கினார். முதல் பாட்டுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நாற்காலி அம்மாள் எதிர் வீட்டு வாசலிலிருந்து, "காலையில பாடினீங்களே, அதப் பாடுங்க சார்" என்று கத்தினார்.

இருட்டுவதற்கு முன் கிளம்பினேன். அக்கா தூண்வரை வந்து வழியனுப்பினாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள், அடிக்கடி வா என்றாள், ஆனால் வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. சந்தைப் பின்சாலையில், அவர்கள் வண்டிக்குப் பின்னால்தான் நிறுத்தியிருந்தேன், கண்ணாடியை மடக்கி வைத்து.